பின் எஞ்சின் வரும்வரை

“எங்க காலத்துல பிள்ளைங்க ஸ்டேஷன்ல வாயைத் திறக்காதுங்க” என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா செங்கோட்டையில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். அறுபதுகளில் அந்த மேடையில் பிள்ளைகள் தரையில் புரண்டு அழுதார்கள், பக்கத்துக் குடும்பத்தின் தூக்குச்சட்டியைத் தட்டிவிட்டார்கள், மேடை விளிம்புவரை ஓடிப்போய்ப் பெற்றவள் வயிற்றைக் கலக்கினார்கள். அன்றைய பிள்ளைகளுக்கும் இன்றைய பிள்ளைகளுக்கும் இந்த விஷயத்தில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் காத்திருந்த இடம்தான் வேறாக இருந்தது. பாதைகளின் வரலாற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாதையோரம் பிள்ளைகள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

ரயில் வருவதற்கு முன்னால் வழிப்பயணத்தில் பிள்ளைகள் தங்கிய இடம் சத்திரம். தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் பாதையில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். அவற்றின் நிர்வாகம் தன் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். வருகிற யாருக்கும் சோறு உண்டு. நோயாளிக்கு வைத்தியர் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அங்கேயே பார்க்கிறார்கள். பெற்றோர் வழியில் இறந்துபோனால் அந்தப் பிள்ளை ஆசிரியர் பொறுப்பில் வளர்கிறது. அடுத்த ஆண்டு ஒரத்தநாட்டில் அவருடைய அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் எழுந்த பெரிய சத்திரமும் இந்த வழக்கத்தில் வந்ததுதான். ஓர் அரசர் தன் கௌரவத்தைச் சொல்லும் கடிதத்தில் குழந்தைக்குப் பால் ஊற்றுவதை ஒரு செலவினமாகக் குறிப்பிடுகிறாரே, அந்த இடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயணத்தில் அழும் பிள்ளை பெற்றவளின் பாடு மட்டும் என்று அன்று யாரும் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

சத்திரத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. கிளம்பும் நேரம் நம் கையில். பிள்ளை தூங்கி எழுந்ததும் வண்டியைப் பூட்டலாம். வெயில் தாழட்டும் என்று இன்னும் ஒரு நாழிகை உட்காரலாம்.

1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டபோது இந்த வசதி போயிற்று. கடிகாரம் வந்தது. வண்டி கிளம்புவதற்கு வெகு முன்பே வந்து உட்கார்ந்தால்தான் மனம் அடங்கும். கைக்குழந்தை பாலுக்கு அழும் நேரமும் வண்டி வரும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு இருந்தது கூரை போட்ட ஒரு கூடம், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த வகுப்பின் அழுக்கையும் நெரிசலையும் காந்தி 1917-இல் தான் செய்த பயணங்களை வைத்தே ஒரு கட்டுரையாக எழுதினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது 1974-இல்.

பிள்ளையை அடக்கிவைப்பது என்றால் அன்று இன்னொரு பொருளும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பழைய காலத்தை வெள்ளையடிப்பவள் ஆவேன். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் பல ஆண்டுகள் போராடிய பிறகு 1941-இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. எங்கள் ஆச்சி ஐந்தாறு வயதில், ஏதோ ஒரு ஜங்ஷனில், இட்லி வாசம் பிடித்துக்கொண்டு தட்டியைத் தாண்டிப் போய்விட்டாளாம். உள்ளே இருந்தவர் கத்தினார். அதைவிட வேகமாக அவள் அப்பா வந்து அறைந்தார். “அறைஞ்சது வலிக்கல. அறைஞ்சுட்டு அப்பா அந்த ஆளப் பாத்துக் கும்பிட்டாரு பாரு, அதுதான் இன்னிக்கும் வலிக்கி” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பொது இடத்தில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள்.

மண்டபம் முகாமில் காத்திருந்த பிள்ளைகளும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் குடும்பங்களை அங்கே சில நாட்கள் நிறுத்திவைத்து, உடல் பரிசோதித்து, அம்மை குத்தி, பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். கொள்ளை நோய்க்குப் பயந்து செய்த ஏற்பாடு அது, காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வரிசையில் நின்று, கை நீட்டி, அடுத்த உத்தரவுக்காக உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அந்த ரயிலும் இல்லை, அந்தத் துறையும் இல்லை.

செங்கோட்டைக்கு வருகிறேன். புனலூர், கொல்லம் போகும் மலைப்பாதை 1904-இல் திறந்தது. ஊர் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும் அதன் பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதனால் மேடையில் ஒரு தாய் “சும்மா இருலே” என்பாள், அடுத்தவள் “மிண்டாதெ இரி” என்பாள். தென்காசிப் பக்கமிருந்து வரும் வண்டி இங்கே நிற்காமல் போக முடியாது. முன்னால் மலை. ஒரே எஞ்சின் இழுத்துவிடாது. பின்னால் இன்னொன்றை மாட்டித் தள்ள வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி பார்க்க வேண்டும், மலையிறங்கி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒற்றைத் தண்டவாளம்.

இத்தனையும் பிள்ளைகளின் கண்முன்னால் நடந்தது. நான் சொல்ல வந்ததே இதைத்தான். யாரும் பிள்ளைகளுக்காக எதையும் ஏற்பாடு செய்யவில்லை. வேலை மறைவில்லாமல் நடந்தது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றும் பெரிய குழாய் வளைந்து எஞ்சின் தலைக்கு மேலே திரும்பும்போது, அதுவரை அழுதுகொண்டிருந்த பிள்ளை வாயை மூடும். நிலையத்துப் பிள்ளைகள் நாங்கள் அதை யானைக் குழாய் என்போம். பால் காய்ச்ச முடியாத அம்மாமார் டம்ளரும் பாலாடையும் கொண்டுபோய் எஞ்சின் டிரைவரிடம் நீட்டுவார்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விழும், கழுவிக்கொண்டு வருவார்கள். கூடவே போன பிள்ளைக்கு அடுப்பு வாய் திறந்து மூடும் ஒரு கணம் கிடைக்கும். பாயிண்ட்ஸ்மேன் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து கொக்கியை மாட்டுவார். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். பக்கத்து நிலையம் வழி கொடுத்ததும் அப்பாவின் அறையில் இருந்த கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்து உருண்டு விழும். அதுதான் டோக்கன். அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, டிரைவர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரலாம். பந்து இல்லாமல் ஒரு வண்டியும் அந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது. இதை ஆறு வயதுப் பிள்ளையால் முழுசாகப் புரிந்துகொள்ள முடியும். அப்பா சொல்லி, நானே ஆறு வயதில் புரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிள்ளை அடம்பிடித்தால் தாய்மார் அவர் பக்கம் விரலை நீட்டி, “அந்தா பாரு, ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா வாராரு, புடிச்சு உள்ள போட்டுருவாரு” என்பார்கள். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவர் போனாலே சில பிள்ளைகள் வீரிடும். அவருக்கு அது பிடிக்காது. ஒருநாள் அப்படி மிரண்டு நின்ற ஒரு பையனிடம் குனிந்தார்.

“ஏலே, இங்க வா. அங்க தூரத்துல சிவப்பா ஒரு கை தெரியுதா?”

பையன் தலையாட்டினான்.

“அது எப்ப சாயுதோ அப்ப ஓடிவந்து எங்கிட்ட சொல்லணும். என்ன? ஓரத்துக்குப் போகாம, இந்தத் தூண்கிட்டயே நின்னு பாக்கணும்.”

கைகாட்டி எப்போது சாயும் என்று அவருக்குத் தெரியாதா? பையன் தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை எடுக்காமல் நின்றான். “சாஞ்சிட்டுய்யா! சாஞ்சிட்டு!” என்று அவன் கத்திக்கொண்டு அறைக்குள் ஓடிவந்தபோது அப்பா எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “நல்லதுய்யா” என்றார். அதன்பின் அது அவருக்கு வழக்கமாகிவிட்டது. தூணுக்கு ஒரு பிள்ளை என்று நிறுத்திவைத்த நாட்களும் உண்டு. மிரட்டலில் அடங்கிய பிள்ளை மிரட்டியவர் திரும்பிய மறுநிமிஷம் ஓடும். பொறுப்புக் கொடுத்த பிள்ளை இருந்த இடத்தைவிட்டு நகராது. படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சற்று வளர்ந்த பையன்களுக்கு அவரிடம் மணியாச்சிக் கதை இருந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் பிறந்த ஊர். 1911 ஜூன் 17-ஆம் தேதி, மணியாச்சி ஜங்ஷனில் இணைப்பு வண்டிக்காக நின்ற முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷ் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த தன் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டவர். வாஞ்சி ஏறிச் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது வாஞ்சியைப் பெருமையாகவே சொல்வார். கொடைக்கானல் பிள்ளைகளையும் விடமாட்டார். பையன்கள் அசையாமல் கேட்பார்கள்.

விருதுநகர், மதுரை மாதிரி பெரிய நிலையங்களில் காத்திருப்பு வேறு மாதிரி. அங்கே ஹிக்கின்பாதம்ஸ் கடை. சென்னையில் 1844-இல் தொடங்கிய கம்பெனி அது, பிறகு தெற்கே நிலையம் நிலையமாகப் பரவியது. 1947 ஜூலையில் அம்புலிமாமா வந்தபின் எத்தனை தகப்பன்மார் அந்தக் கடை முன்னால் சட்டைப்பையைத் துழாவியிருப்பார்கள்! 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது. எடை பார்க்கும் எந்திரம் ஒன்று விளக்குகள் சுழல நிற்கும். காசு போட்டால் உள்ளே ஏதோ உருண்டு, கெட்டி அட்டையில் எடை அச்சாகி விழும், பின்பக்கம் நம் குணம் எழுதியிருக்கும். அட்டை கையில் இருக்கும்வரை பிள்ளை சமர்த்து. மணப்பாறையில் வண்டி நின்றால் முறுக்கு. அந்த ஊர் முறுக்கு பேர் வாங்கியதே ரயில் மேடையில்தான்.

1992-இல் ரயில்வே எல்லாப் பாதைகளையும் அகலமாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டிய காரியம்தான். வண்டி மாறி மாறி, இரவெல்லாம் மேடையில் பிள்ளைகளைக் கிடத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கஷ்டம் திரும்ப வரக் கூடாது. செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜ் 2010-இல் நின்றது, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. இதற்கிடையில் வேலை எல்லாம் உள்ளே போய்விட்டது. கைகாட்டி போய் விளக்கு வந்தது. இரும்புப் பந்தும் பிரம்பு வளையமும் போயின. வழிவிடுவது கணினித் திரையில் நடக்கிறது, அந்த அறைக்குப் பூட்டு. மணிக்குப் பதில் ஒலிபெருக்கி. காத்திருக்கும் நேரம் குறைந்ததே தவிர ஒழியவில்லை. இருக்கிற நேரத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஆகவே மேடையில் பிள்ளை கையில் செல்போனைக் கொடுக்கும் தாயைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு பெட்டி, ஒரு கைக்குழந்தை, நான்கு வயதில் இன்னொன்று. வேறு என்ன செய்வாள்? அந்தக் காலத்தில் அவளுக்கு உதவியாக ஒரு மேடையே இருந்தது. முன்பின் தெரியாத பெரியவர் “ஏய், ஓரத்துக்குப் போகாத” என்று அதட்டுவார், அவள் அவருக்கு நன்றி சொல்வாள். இன்று முகம் தெரியாத ஆள் பிள்ளையின் கையைப் பிடித்தால் அவள் பயப்படுகிறாள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நிலையங்களில் தனியாக நிற்கும் பிள்ளைகளுக்காக 1098 என்ற உதவி எண்ணை எழுதிவைத்திருப்பது சும்மா இல்லை. ஆகையால் பழையபடி எல்லோரும் எல்லாப் பிள்ளையையும் அதட்டலாம் என்று நான் கேட்கப் போவதில்லை.

நான் கேட்பது வேறு. அகலப்பாதை வந்தும் மலை அப்படியேதான் இருக்கிறது. புனலூர்ப் பக்கம் போகும் வண்டிக்குச் செங்கோட்டையில் இன்றும் பின் எஞ்சின் மாட்டுகிறார்கள். மேடையின் கடைசியில், கூரை முடிகிற இடத்தில் அது நடக்கிறது. உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கம்பி வேலி, நிழலுக்கு ஒரு தகரக் கூரை, “பின் எஞ்சின் மாட்டுவதை இங்கிருந்து பார்க்கலாம்” என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை. வண்டி வந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. ரயில்வேக்கு இது ஒரு செலவே அல்ல. பழைய இரும்புப் பந்துக் கருவி ஒன்றையும் கண்ணாடிக்குள் வைக்காமல், பிள்ளைகள் தொட்டு உருட்டிப் பார்க்கும்படி அங்கே வைத்தால் இன்னும் நல்லது. நான் எழுதிப் போட்டிருக்கிறேன். மறுபடியும் எழுதுவேன்.