மணல்மேட்டு முகாம்கள்: போர்த்கவுல் கடற்கரையின் விடுமுறை வரலாறு

தென் வேல்ஸில், பிரிஸ்டல் கால்வாயின் வடகரையில் உள்ள போர்த்கவுல் என்னும் சிற்றூரின் கிழக்கு எல்லையில், ட்ரெக்கோ குடாவை ஒட்டி, கேரவன்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சக்கரங்களின் மேல் கட்டப்பட்டு, முன்னொரு காலத்தில் மோட்டார் வண்டியால் இழுத்து வரப்பட்டு, இப்போது ஆண்டு முழுவதும் ஓரிடத்திலேயே நிலைத்துவிட்ட சிறு வீடுகள் இவை. ஐரோப்பாவின் மிகப் பெரிய கேரவன் முகாம்களுள் ஒன்று எனப் பல காலமாகப் பேசப்பட்டுவரும் இந்த இடத்தின் தோற்றத்தைச் சுற்றுலாவின் வரலாற்றில் மட்டும் தேடினால் பாதிக் கதையே கிடைக்கும். மறுபாதி நிலக்கரியிலும் மணலிலும் இருக்கிறது.

மணலிலிருந்தே தொடங்குவது முறை. போர்த்கவுலுக்கு மேற்கே கென்ஃபிக்கிலும் கிழக்கே மெர்தர் மாவரிலும் பரந்து கிடக்கும் மணற்குன்றுகள், இடைக்காலத்தின் இறுதியில் வீசிய புயல்களால் உள்நாட்டை நோக்கி நகர்ந்தவை. கோட்டையும் சந்தையும் கொண்டு விளங்கிய கென்ஃபிக் நகரம் 15ஆம் நூற்றாண்டளவில் அவற்றின் அடியில் புதையுண்டு கைவிடப்பட்டது. ஏர் பிடிக்க உதவாத, ஆடு மேய்க்க மட்டுமே தகுந்த இத்தகைய நிலத்துக்கு விலை மதிப்பு மிகக் குறைவு. வேல்ஸ் கடற்கரையில் முகாம்கள் எழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றுள் பல இப்படிப்பட்ட மணல்மேடுகளாகவோ, கடலிடமிருந்து மீட்கப்பட்ட சதுப்புகளாகவோ இருப்பதைக் காணலாம். விடுமுறைக்காரர்கள் அழகைத் தேடி வந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்த அழகின் அருகே தங்கலாம் என்பதை நிலத்தின் விலையே தீர்மானித்தது.

போர்த்கவுல் முதலில் நிலக்கரி ஏற்றும் துறைமுகமாகவே வளர்ந்தது. லின்ஃபி பள்ளத்தாக்கின் இரும்பையும் கரியையும் கடலுக்குக் கொண்டுவர 1820களில் குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1860களில் நீராவி ரயிலும் விரிவாக்கப்பட்ட கப்பல் தளமும் வந்தன. ஆயினும் ஆழம் குறைந்த இத்துறையால், 1889இல் திறக்கப்பட்ட பாரி துறைமுகத்தோடும் அதன்பின் வளர்ந்த போர்ட் டால்பட்டோடும் போட்டியிட முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கப்பல் தளம் மூடப்பட்டது. கரியைக் கொண்டுவந்த அதே ரயில் பாதை கரி வெட்டியவர்களைக் கொண்டுவரும் பாதையாக மாறியது, இந்த ஊரின் வரலாற்றில் ஏற்பட்ட முக்கியமான திருப்பம். அதற்கு முன்னோடியாக, மைஸ்தேக் ஊரின் மருத்துவர் ஜேம்ஸ் லூயிஸ், நோயுற்ற தொழிலாளர்கள் கடற்காற்றில் உடல் தேறுவதற்கான இல்லம் ஒன்றை 1860களிலேயே இங்கு நிறுவியிருந்தார். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆதரவைப் பெற்ற அந்த இல்லத்தின் பெரிய கட்டடம் 1878இல் திறக்கப்பட்டது.

கூடாரத்தில் தங்குவதை இன்பமாகக் கருதும் பழக்கம் பிரிட்டனில் முதலில் தொழிலாளர்களிடையே தோன்றியதன்று. பேரரசின் படைவீரர்களும் நிலஅளவையாளர்களும் கடமைக்காகத் தங்கிய கூடாரத்தை ஓய்வுக்கு உரியதாக மாற்றியவர்களுள் தலையானவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்காரர். சிறுவனாக இருந்தபோது, 1853இல், அமெரிக்காவில் வண்டித்தொடர் ஒன்றோடு பயணம் செய்து வெட்டவெளியில் தங்கிய அனுபவம் அவருக்கு உண்டு. மிதிவண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க எடை குறைந்த கூடாரங்களை அவர் வடிவமைத்தார். 1901இல் மிதிவண்டி முகாமாளர்களின் சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் முகாமாளருக்கான கையேட்டை வெளியிட்டார். இந்த இயக்கத்தின் தேசியக் கழகத்துக்குத் தலைமை ஏற்க அண்டார்க்டிகப் பயணி ராபர்ட் ஸ்காட் இசைந்ததும், அதே ஸ்காட்டின் இறுதிப் பயணக் கப்பல் 1910இல் போர்த்கவுலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கார்டிஃப் துறையில் வேல்ஸ் நிலக்கரியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதும் தற்செயல்தான். எனினும் கூடாரமும் கரியும் ஒரே காலத்தின் பிள்ளைகள் என்பதை அது உணர்த்துகிறது.

நடுத்தர வகுப்பினரின் இந்தப் பொழுதுபோக்கு உழைப்பாளரை எட்டுவதற்கு இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டியிருந்தது: மலிவான பொருளும் ஓய்வான நாளும். முதலாவதைப் போரும் தொழில்துறையும் கழித்துப் போட்டவை தந்தன. முதல் உலகப் போர் முடிந்ததும் படைக்குத் தேவைப்படாத மணிவடிவக் கூடாரங்கள், அதாவது நடுவே ஒற்றைக் கம்பம் நாட்டி வட்டமாக விரிக்கும் தடித்த துணிக் கூடாரங்கள், குறைந்த விலைக்கு வந்தன. ஓய்வுபெற்ற பேருந்துகளின் உடற்கூடும் ரயில் பெட்டிகளும் கடலோரக் குடில்களாயின. இந்தக் கழிபொருளின் மதிப்பை ரயில் நிறுவனங்களே பிற்பாடு கண்டுகொண்டன. லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில் நிறுவனம் 1933இல் தொடங்கிய வழக்கத்தைப் பின்பற்றி, கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் 1934 முதல் பழைய பெட்டிகளில் படுக்கையும் அடுப்பும் பொருத்தி, கிராம நிலையங்களின் பக்கத் தண்டவாளங்களில் நிறுத்தி வாடகைக்கு விட்டது. பெட்டியை எடுப்பவர் குறைந்தபட்சம் இத்தனை ரயில் பயணச் சீட்டுகளையும் வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையில் வணிகரின் கணக்கு தெரிகிறது.

ஓய்வு நாள் அவ்வளவு எளிதில் வரவில்லை. 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்குச் சில வங்கி விடுமுறை நாள்களை அளித்ததே தவிர, அந்நாள்களுக்குக் கூலி அளிக்கச் சொல்லவில்லை. ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் 1938இல்தான் வந்தது. அதுவும் எல்லோருக்கும் உரிமையாக அன்றி, ஊதிய வாரியங்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் வழங்கலாம் என்ற அளவில். அந்தச் சந்தையை எதிர்பார்த்தே லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில் நிறுவனமும் தாமஸ் குக் நிறுவனமும் வட வேல்ஸின் பிரெஸ்டாட்டினில் 1939இல் விடுமுறை முகாமொன்றைத் திறந்தன. புல்ஹெலிக்கு அருகே விடுமுறை முகாம் தொழிலதிபர் பில்லி பட்லின் கடற்படைக்காகக் கட்டிய பயிற்சி முகாம், போர் முடிந்தபின் 1947இல் பொதுமக்களின் விடுமுறை முகாமானது. ஒலிபெருக்கியின் அழைப்புக்கேற்ப உணவும் ஆட்டமும் நடந்த அந்தப் பெருமுகாம்களில் விருந்தினரின் நாள் முழுவதும் நிர்வாகத்தின் திட்டப்படியே கழிந்தது.

போர்த்கவுலின் மணல்மேட்டில் நடந்தது வேறு. தென் வேல்ஸ் நிலக்கரி வயல் 1913இல் ஏறத்தாழ 5.7 கோடி டன் கரியைத் தோண்டியது. 1920இல் அதில் 2,70,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 1947 சனவரி 1 அன்று சுரங்கங்கள் நாட்டுடைமையான பிறகு, ஜூலையின் கடைசி வாரமும் ஆகஸ்டின் முதல் வாரமும் சேர்ந்த இரு வாரங்கள் வயல் முழுவதற்குமான பொது விடுமுறையாக நிலைபெற்றன. ‘சுரங்கத் தொழிலாளரின் இருவாரம்’ என்று வழங்கிய இக்காலத்தில் சுரங்கங்கள் ஒருசேர மூடப்பட்டன. ரோந்தா பள்ளத்தாக்கிலும் மைஸ்தேக்கிலும் தெருக்கள் வெறிச்சோட, போர்த்கவுல் நிரம்பி வழிந்தது. ஒரே தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்ந்தவர்கள், ட்ரெக்கோ குடாவில் அடுத்தடுத்த கேரவன்களை எடுத்துக்கொண்டு, அதே அண்டை வீட்டாருடன், அதே உறவுகளுடன், சில வேளைகளில் அதே சண்டைகளுடன் இரு வாரம் வாழ்ந்தார்கள். சமையல் பெண்கள் தலையிலேயே விழுந்தது என்பதால் அவர்களுக்கு இது எந்த அளவுக்கு விடுமுறை என்று கேட்பது நியாயம்; ஆயினும் கரித்தூள் படியாத துணியை வெளியே உலர்த்தும் வாய்ப்பே அவர்களுக்கு ஒரு மாற்றமாக இருந்திருக்கும். 1920களில் வளர்ந்த கோனி பீச் என்னும் கேளிக்கைப் பூங்காவும் 1932இல் எழுந்த கிராண்ட் பவிலியன் அரங்கும் இந்தக் கூட்டத்தை நம்பியே நிலைத்தன.

இந்த ஊர் சுரங்க மக்களின் இடமாகிவிட்டதற்கு இன்னொரு சான்று விடுமுறைக்கு வெளியே இருக்கிறது. ஐஸ்டெத்வோட் என்பது கவிதை, இசை ஆகியவற்றில் போட்டிகள் நடக்கும் வேல்ஸ் மக்களின் பண்பாட்டுத் திருவிழா. சுரங்கத் தொழிற்சங்கம் தனக்கென ஒரு ஐஸ்டெத்வோடை 1948 முதல் போர்த்கவுலில் நடத்தியது. அமெரிக்க அரசு கடவுச்சீட்டை மறுத்ததால் நாட்டை விட்டு வெளியேற முடியாதிருந்த கறுப்பினப் பாடகர் பால் ராப்சன், 1957 அக்டோபர் 5 அன்று நியூயார்க்கில் இருந்தபடி, கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே கிராண்ட் பவிலியன் அரங்கத்துக்குப் பாடினார். ட்ரியோர்க்கி ஆண்கள் பாடற்குழு இங்கிருந்து அவருக்குப் பதிலாகப் பாடியது.

முகாம் என்பது வேல்ஸில் வேறொரு பணியையும் செய்தது. இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் 1922இல் நிறுவிய உர்த் என்னும் இளைஞர் இயக்கம், 1932இல் கார்டிகன் குடாவின் கரையில் உள்ள லாங்ரானோக்கில் முகாம் அமைத்தது. அங்கு வேல்ஷ் மொழியே விளையாட்டுக்கும் உணவுக் கூடத்துக்கும் உரிய மொழி. கடற்கரை முகாம்கள் பொதுவாக ஆங்கிலத்தைக் கொண்டுவந்து சேர்த்தன என்ற குறை வடக்கிலும் மேற்கிலும் வலுவாக இருந்த நிலையில், அதே கருவியை மொழியைக் காக்கப் பயன்படுத்தியது கூர்மையான சிந்தனை. அந்த முகாம் இன்றும் நடக்கிறது.

1950களில் கடற்கரையோரம் எங்கும் கேரவன்கள் பெருகியபோது அரசு விழித்துக்கொண்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் கேரவன் நிறுத்தும் இடங்களுக்கு உள்ளாட்சியின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது; குடிநீர், கழிப்பிடம், தீ பரவாதபடி வண்டிகளுக்கிடையே விட வேண்டிய இடைவெளி ஆகியவை நிபந்தனைகளாயின; யாரும் நிரந்தரமாகக் குடியேறிவிடக் கூடாது என்பதற்காகக் குளிர்காலத்தில் முகாமை மூட வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் சேர்ந்தது. இச்சட்டப்படி, மனிதர் குடியிருக்கக் கட்டப்பட்டதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தத்தக்கதுமான எதுவும் கேரவன். அது உண்மையில் நகர்கிறதா என்பது கேள்வியன்று. கூடாரமோ அந்த இலக்கணத்துக்கு வெளியே நின்றது. 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, ஒரு நிலத்தில் தொடர்ந்து 42 நாள்களுக்கு மேலோ, ஆண்டில் 60 நாள்களுக்கு மேலோ கூடாரங்களை அனுமதித்தால்தான் உரிமம் வேண்டும். போர்த்கவுலுக்கு மேற்கே உள்ள கவர் தீபகற்பம், இயற்கை எழில் மிக்க பகுதியென 1956இல் பிரிட்டனிலேயே முதலாவதாகப் பாதுகாப்புப் பெற்றது. காக்கத்தக்க நிலமென்றும் கூட்டத்துக்கு விடத்தக்க நிலமென்றும் கடற்கரை இவ்வாறு இரண்டாகப் பிரிந்ததில், தொழிலாளரின் முகாம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலிவான நிலத்துக்கு உரிய அபாயமும் அவர்களைத் தொடர்ந்தது: 1990 பிப்ரவரி 26 அன்று வட வேல்ஸின் டோவினில் கடற்சுவர் உடைந்து, கேரவன் முகாம்களும் முதியோர் வாழ்ந்த சிறு வீடுகளும் நிறைந்த தாழ்நிலத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஏறத்தாழ 5,000 பேர் வெளியேற்றப்பட்டனர்.

போர்த்கவுலின் பயணிகள் ரயில் 1963இல் நின்றது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, பொது விடுமுறைக்கு அடிப்படையே இல்லாமல் போனது. ட்ரெக்கோ குடா அழியவில்லை. ஆனால் ஒரே தெரு ஒரே நாளில் வந்து இறங்கும் வழக்கம் முடிந்தது.

அதற்குப் பின் எழுந்ததே கிளாம்பிங் எனப்படும் சொகுசு முகாம்: கூடாரத்தை விருந்தினர் சுமந்து வராமல், கட்டில், மெத்தை, விறகடுப்பு ஆகியவற்றுடன் முன்னரே அமைத்து வைத்து வாடகைக்கு விடும் முறை. பழைய படைக் கூடாரத்தின் மணிவடிவமும், மத்திய ஆசிய மேய்ப்பரின் வட்ட யூர்ட்டும், ஆட்டிடையரின் சக்கரக் குடிலும், பாட் எனப்படும் வளைந்த மரக் குடிலும் இதில் இடம்பெற்றன. 2001இல் கோமாரி நோய் வேல்ஸ் பண்ணைகளை நொடிக்கச் செய்தபின், கால்நடையை மட்டும் நம்ப முடியாத விவசாயிகள் துணை வருமானத்துக்காக இதில் இறங்கினர். 2008இன் பொருளாதாரச் சரிவால் வெளிநாட்டுப் பயணத்தைக் குறைத்துக்கொண்ட பிரிட்டானியர் வாடிக்கையாளராயினர். சட்டத்தின் பழைய இலக்கணமே இங்கும் ஆள்கிறது: நகர்த்தத்தக்க பாட் பெரும்பாலும் கேரவனாகவும், யூர்ட் கூடாரமாகவும் எண்ணப்படுகின்றன.

சுரங்கத் தொழிலாளரின் முகாமிலிருந்து இது வசதியால் வேறுபடுகிறது என்பது மேலோட்டமான பார்வை. அன்று முகாமின் சிறப்பு அண்டை வீட்டார் உடனிருப்பது. இன்று விலை பேசப்படுவது அண்டை வீட்டார் எவரும் கண்ணில் படாமை. ரோமா மக்களின் வண்ணம் தீட்டிய கூண்டு வண்டியும் இத்தகைய முகாம்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. நாடோடிகளுக்கு உள்ளாட்சிகள் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்று 1968இல் இயற்றப்பட்ட சட்டக் கடமை 1994இல் நீக்கப்பட்டதை நினைத்தால், வண்டி வரவேற்கப்பட்டு வண்டிக்குரியவர் விலக்கப்பட்ட முரண் தெளிவாகிறது.

முகாம்களைத் தொடும் சட்டங்களின் வரிசையில் அண்மையதாக, வேல்ஸ் நாடாளுமன்றம் 2025இல் இயற்றிய சட்டம், தங்குவோரிடம் இரவுக்கு ஒரு வரி வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகளுக்கு அளித்துள்ளது. 2027 முதல், விரும்பும் உள்ளாட்சிகள் தலைக்கு 1.30 பவுண்டும், முகாம் மனைகளிலும் பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறைகளிலும் தங்குவோரிடம் 75 பென்ஸும் பெறலாம். இந்தக் குறைந்த விகிதத்துக்கு உட்பட்ட இடங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு வரி இல்லை.