சக்கரத்தின் விளிம்பு: டயர் வரலாற்றில் மறந்துபோன ஒரு பகுதி

கட்டை வண்டிகள் ஓடிய காலத்தில் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவது ஊரார் கூடிநின்று பார்க்கும் வேலை. தச்சர் குடமும் ஆரக்காலும் வட்டையும் இணைத்துச் சக்கரத்தை முடித்துக் கொடுப்பார். கொல்லர் அச்சக்கரத்தின் சுற்றளவினும் சற்றே குறைந்த இரும்பு வளையத்தை எருமூட்டத்தில் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டினால் விரிந்த வளையத்தைச் சக்கரத்தின்மேல் பொருத்தித் தண்ணீர் ஊற்றுவர். குளிர்ந்து சுருங்கிய இரும்பு மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு ஏறிய பட்டை எளிதில் கழலாது. தேய்ந்து போகும்வரை அதைக் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை. ‘டயர்’ என்னும் ஆங்கிலச் சொல் முதலில் இவ்விரும்புப் பட்டையையே குறித்தது.

இரும்பின் இடத்தில் காற்றடைத்த ரப்பர் வந்தபோது புதியதொரு சிக்கல் பிறந்தது. காற்றுடைய பொருள் என்றேனும் ஒருநாள் துளைபடும். துளைபட்டால் அதைக் கழற்றியாக வேண்டும். ஓடும்போது இறுகப் பற்றவும் வேண்டும். நின்றபோது எளிதில் விடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு குணங்களையும் ஒரே விளிம்பில் அமைப்பது எங்ஙனம்? டயரின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே ஆகும். ஆயினும் பள்ளிப் பாடங்களில் அது டன்லப் என்ற ஒரு பெயரோடு முடிந்துவிடுவது வழக்கம்.

டன்லப்புக்கு முன்னும் பின்னும்

காற்றடைத்த டயருக்கு முதன்முதல் உரிமை பெற்றவர் டன்லப் அல்லர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-இலேயே அவ்வுரிமையைப் பெற்றார். ரப்பர் பூசிய துணிக்குழாயின்மேல் தோலுறை போர்த்தி அதைச் சக்கரத்தோடு முடுக்கினார். குதிரை வண்டிகளின் காலத்தில் அதற்கு ஆதரவு கிட்டவில்லை. உலகம் அதை மறந்தது.

1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று எண்ணி, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துத் துணியால் சக்கரத்தோடு சுற்றினார். 1888-இல் உரிமை பெற்றார். மறு ஆண்டே இத்தகைய டயர் பூட்டிய சைக்கிள்கள் பந்தயங்களில் வென்றன. ஆனால் தாம்சனின் பழைய உரிமை வெளிச்சத்துக்கு வந்தபோது டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று. அப்படியும் அவருடைய டயரைச் செய்துவந்த நிறுவனம் அழியவில்லை. காரணம் யாதெனின், வேறு இருவர் பெற்ற உரிமைகளை அது விலைகொடுத்து வாங்கியதே. அவை காற்றைப் பற்றியவை அல்ல, விளிம்பைப் பற்றியவை.

அவ்விருவரும் 1890-ஆம் ஆண்டில் வெவ்வேறாக உழைத்தவர்கள். ஒருவர் பார்ட்லெட். ரிம்மின் ஓரங்களை உட்பக்கமாக வளைத்து, அவ்வளைவில் டயரின் ஓரம் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளச் செய்தார். உள்ளிருக்கும் காற்றே அதை அழுத்திப் பிடித்தது. மற்றவர் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பிவளையத்தைப் புதைத்தார். ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் அமைத்தார். இன்று உலகில் ஓடும் கார் டயர்களுள் பெரும்பாலானவை வெல்ச் காட்டிய வழியிலேயே அமைந்துள்ளன.

பிரான்சில் நடந்ததும் இதனையே வலியுறுத்தும். 1889-இல் கிளெர்மோன்-ஃபெரான் நகரிலிருந்த மிஷெலின் சகோதரர்களின் பட்டறைக்கு ஒருவர் டன்லப் டயர் பூட்டிய சைக்கிளைக் கொண்டுவந்தார். பசையிட்டு ஒட்டியிருந்த அந்த டயரைப் பிரித்துச் செப்பனிட மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை உலர ஓர் இரவு தேவைப்பட்டது. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது சிறிது தொலைவிலேயே மீண்டும் காற்று இறங்கிவிட்டது. டயர் நல்லது, ஆனால் யாரும் விரைவில் கழற்றி மாட்டும்படி அது இருத்தல் வேண்டும் என்று சகோதரர்கள் உணர்ந்தனர். 1891-இல் கழற்றக்கூடிய டயருக்கு உரிமை பெற்றனர். அவ்வாண்டே பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் நெடும் பந்தயத்தில் அதைப் பூட்டி ஓட்டிய சார்ல் தெரோன் முதல்வராக வந்தார். மறு ஆண்டு தாங்களே ஒரு பந்தயம் நடத்திய மிஷெலின் சகோதரர்கள், வழியில் வேண்டுமென்றே ஆணிகளைத் தூவினர். துளைபடும் டயரையும் விரைவில் மாற்றலாம் என்பதை மெய்ப்பிப்பதே அவர்கள் நோக்கம்.

பால் மரமும் தமிழர் உழைப்பும்

இவ்வளவுக்கும் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? 1876-இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். அவற்றின் கன்றுகளுள் 22, 1877-இல் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். மோட்டார் கார்கள் பெருகவே தோட்டங்களும் பெருகின. 1920 அளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது.

அந்தப் பாலை வெட்டிய கைகளுள் மிகப் பல தமிழர் கைகள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணிகள்வழி ஆள் சேர்க்கும் முறையோ, 1938-இல் இந்திய அரசு அதைத் தடுக்கும்வரை நீடித்தது. விடியுமுன் விளக்கோடு நிரைக்குச் சென்று பால்வெட்டியவர்களும், கோப்பைகளிலிருந்து ஒட்டுப்பாலை உரித்தெடுத்தவர்களும் டயர் வரலாற்று நூல்களில் பெயர் பெறவில்லை. வெல்ச்சின் விளிம்பையும் டன்லப்பின் காற்றையும் சொல்லும் ஆசிரியர் இவர்களையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவ்வரலாறு நிறைவுபெறாது.

ரப்பர் விளைந்த நாட்டிலேயே டயர் இல்லாத சக்கரங்கள் ஓடிய காலமும் உண்டு. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் பலர் சைக்கிள்களில் தெற்கு நோக்கி விரைந்தனர். வெயிலில் டயர்கள் வெடித்தன. ஒட்டுப்போட நேரமில்லாதபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். இரவில் எழுந்த அந்த இரும்போசையை எதிரிகள் டாங்கிகளின் ஓசை என்று மயங்கியதாக, அப்படையின் அதிகாரி மசனொபு சுஜி தம் போர் நூலில் குறித்துள்ளார்.

மலைப்பாதையும் புதுவகை டயரும்

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்த மேட்டுநிலம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் வளைவுப் பாதை 1931-இல் முடிந்தது. தேயிலையும் காய்கறியும் சக்கரத்தின்மேல் இறங்கின. 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் வண்டி இம்மலைக் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு உற்ற துணையாயிற்று. பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் இங்கு ஓடக் காணலாம். அவற்றின் டயருக்குள் டியூப் உண்டு. ரிம்மில் வெல்ச்சின் பள்ளமும் உண்டு. டயர் லீவர் இரண்டும் சவர்க்கார நீரும் இருந்தால் பாதையோரத்திலேயே கழற்றிவிடலாம்.

டியூப் இல்லாத டயர் அமெரிக்காவில் 1947-இல் அறிவிக்கப்பட்டது. இதில் விளிம்பே காற்றைக் காக்கும் காவலாளி. 1970-இல் ஹோண்டா நிறுவனம் பருத்த டயர்களையுடைய மூன்று சக்கரக் கரடுமுரட்டு நில வண்டியைக் கொணர்ந்தது. 1982-இல் சுசுகி நான்கு சக்கர வண்டியை வெளியிட்டது. இன்று ஏ.டி.வி. என்று வழங்குவது இவ்வினமே. சேற்றில் அமிழாதிருக்க இதன் டயரில் மிகக் குறைந்த காற்றே அடைக்கப்படும். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவு அழுத்தம் இருக்கும். இதிலோ பெரும்பாலும் ஏழுக்கும் குறைவு. காற்று பிடித்து நிறுத்தாத விளிம்பை வேறொன்று பிடிக்க வேண்டுமன்றோ? ஆதலால் டயரின் ஓரம் மிக இறுக்கமாகவும், ரிம்மில் அது அமரும் இடத்தின் உட்புறம் ஒரு மேடு தடுப்பாகவும் அமைக்கப்பட்டன. ஈரமும் சேறும் துருவும் சேர்ந்தால் இவ்விளிம்பு ரிம்மோடு ஒட்டிக்கொண்டு அசையாது. இந்தப் பிடிவாதம் குறையன்று; டயர் கழன்று ஓடாமல் காக்கும் குணமே அது.

கழற்றும் முறையின் நுட்பம்

கழற்ற முயல்வோர் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். லீவர் போட்ட பக்கத்திலேயே முழுப் பலத்தையும் செலுத்துவர், எதிர்ப்பக்கத்தைக் கவனியார். கம்பிவளையம் நீளாது. எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் மேட்டில் இருக்கும்வரை இப்பக்கம் எத்துணை நெம்பினும் பயனில்லை. கம்பி அறும், அல்லது ரிம் வளையும். எதிர்ப்பக்கத்தை நடுப்பள்ளத்தில் இறக்கினாலோ இப்பக்கத்தில் தளர்ச்சி உண்டாகும். சிறு லீவரே போதும். 1890-இல் வெல்ச் கண்ட உண்மை இதுவே.

எனவே முதலில் வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுதும் வெளியேற்றுதல் வேண்டும். பின் விளிம்பைச் சுற்றிச் சவர்க்கார நீர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். டயரைத் தரையில் கிடத்தி, ரிம்மை ஒட்டி ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் நீண்ட பலகையை நெம்புகோலாக வைத்து, பலகையின் ஒரு முனையை வண்டியின் அடியில் மாட்டி மறுமுனையை அழுத்தினால் விளிம்பு இறங்கும். ஓரிடத்திலேயே அழுத்தாமல் சுற்றிச் சுற்றி அழுத்துவது முறை. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரைக் கெடுக்கும். மீண்டும் மாட்டும்போது ரிம்மின் துருவைத் தேய்த்துப் போக்கி, விளிம்பை நனைத்து, டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள அளவுக்கு மேற்படாமல் காற்றடிக்க வேண்டும். எரியும் ஆவியை உள்ளே தெளித்துத் தீவைத்து விளிம்பை அமரச் செய்வோர் உளர். அது டயரை வெடிகுண்டாக்கும் செயல். அதனால் உயிர் இழந்தோரும் உண்டு.

கொல்லர் இரும்பை நெருப்பால் ஏற்றினார். அது கழலாமையே அவர் வேண்டியது. பின்வந்தோர் கழலும் பிடிப்பைத் தேடினர். அதை நெருப்பாலன்றி வடிவத்தால் கண்டனர். காற்று டயரை ஆக்கியவர் யார் என்று மாணவர் கேட்டால் டன்லப் என்ற ஒரு சொல் விடையாகாது. தாம்சன் எண்ணினார், டன்லப் ஓட்டிக் காட்டினார், வெல்ச்சும் பார்ட்லெட்டும் விளிம்பு கொடுத்தனர், மிஷெலின் சகோதரர்கள் கழற்றிக் காட்டினர், மலாயாத் தோட்டங்களில் தமிழர் பால் கொடுத்தனர் என்பதே விடையாகும். இவ்விடை நீளமானது, எனினும் உண்மையானது.