இணுவில் தவிலின் இரு குரல்கள்

யாழ்ப்பாணத்துக் கோயில் மேளக்கச்சேரி பற்றிப் பேச்செடுத்தால் இணுவில் பெயர் வராமல் இராது. தவிலும் நாதஸ்வரமும் தலைமுறைகளாகப் பயின்ற ஊர் அது. தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகன் தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்தது இங்கேதான்.

பலாக்கட்டையில் குடைந்த ஒரே தவிலுக்கு இரண்டு குரல். வலப்பக்கத் தோலான வலந்தலையில் விரற்கூடுகள் விழுந்தால் சொற்கள் கூர்மையாகத் தெறிக்கும்; இடப்பக்கத் தோலான தொப்பியில் பூவரசங்கழி விழுந்தால் அடித்தொனி கனத்து அதிரும். முன்பு தோல்வாரை இழுத்துக் கட்டித்தான் சுருதியை ஏற்றினார்கள். பின்னர் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்தன. இறுக்கம் கூடியது, ஒலியும் பளிச்சென்றானது.

ஒலியின் கூர்மையையும் கனத்தையும் மின்சாரத்தாலும் மாற்றலாம். 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் மின்சுற்று வடிகட்டி வைத்து உயர் அதிர்வுகளை வெட்டி ஒலிக்குக் கனம் சேர்த்தார். தவிலிலோ மின்சுற்று இல்லை; எந்தத் தொனி நிற்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதைத் தோலும் மரமும் கையுமே தீர்மானிக்கின்றன.

தவிலின் இரு குரல்களைப் போல நாதஸ்வரத்திலும் உச்சம், தணிவு என்ற வேறுபாடு உண்டு. குட்டையான திமிரி உச்சத்தில் ஒலிக்கும். நீண்ட பாரி தணிந்து கனியும்.

தெட்சணாமூர்த்தி தமிழ்நாட்டு மேடைகளிலும் புகழ்பெற்று 1975இல் மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது.