கிரவுண்டும் டொமைனும்: ஆவடியிலிருந்து ஓர் ஒப்பாய்வு

ஆவடியில் ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நடுத்தரக் குடும்பங்களின் பழைய வழக்கம். டேங்க் ஃபேக்டரியிலோ கிளாத்திங் ஃபேக்டரியிலோ வேலை பார்த்தவர் பி.எஃப். பணத்தில் மிட்டனமல்லி, கோவில்பதாகை, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு பிளாட்டை எழுதி வைப்பார். மகள் கல்யாணத்துக்கோ மகன் படிப்புக்கோ அது கைகொடுக்கும். அந்த வீடுகளின் அடுத்த தலைமுறையில் சிலர் அதே எண்ணத்தோடு இப்போது டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், வாங்கிப் போடுகிறார்கள். ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு டாட்காம் பெயரைப் பதிவு செய்வது, அது தேவைப்படும் நிறுவனம் வரும்வரை வைத்திருப்பது, வந்ததும் லட்சத்தில் விற்பது. யூடியூபில் இதைக் கற்றுத் தருவோர் ‘டிஜிட்டல் ரியல் எஸ்டேட்’ என்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வியாபாரம்தானா என்று பார்க்க, மனையோடு இத்தனை காலம் பழகிய ஆவடியைவிட நல்ல இடம் இல்லை.

முதலில், வாங்கியவர் கையில் இருப்பது என்ன?

மனைக்காரரிடம் தாய்ப்பத்திரம், கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இருக்கும். பதிவு ஆனபின் அவர் பத்து வருடம் திரும்பிப் பார்க்காவிட்டாலும், பத்திரத்தில் அவர் பெயர் அப்படியேதான் இருக்கும். டொமைன் வாங்கியவரிடம் இருப்பது மின்னஞ்சலில் வந்த ரசீது. அவர் எடுத்திருப்பது குத்தகை. ஓர் ஆண்டுக்கு எடுக்கலாம். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுக்கு நீட்டலாம். டாட்காம் பெயருக்கு ரின்யூவல் பணம் கட்டத் தவறினால் சில வாரம் சலுகை உண்டு. பிறகு 30 நாள், கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். அதற்கும் பின் 5 நாள் யாரும் தொட முடியாது. ஆறாவது நாள் உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பணம் ஒழுங்காகக் கட்டினாலும் முழு நிம்மதி கிடையாது. தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவுக்கு 2018 செப்டம்பரில் நடந்தது இதற்குச் சான்று. ஜோஹோ மின்னஞ்சலைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்துவதாக வந்த புகார்களின் பேரில், அதன் டொமைனைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவாளர் நிறுவனம் ஜோஹோ.காம் பெயரையே முடக்கிவிட்டது. உலகெங்கும் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க நேர்ந்தது. சில மணி நேரத்தில் பெயர் திரும்பக் கிடைத்தது என்றாலும், அத்தனை பெரிய நிறுவனத்தின் வாசல் ஒரே நாளில் காணாமல் போகக்கூடும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. பட்டாவில் பெயர் உள்ள ஒருவரின் மனையை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகாருக்காக யாரும் அன்றே அழித்துவிட முடியாது.

திருட்டு இரண்டிலும் உண்டு. மனையில் ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம். டொமைனில் இதன் மூத்த வழக்கு அமெரிக்காவில் நடந்த செக்ஸ்.காம் வழக்கு. 1994-இல் ஒருவர் பதிவு செய்த அந்தப் பெயரை, இன்னொருவர் போலிக் கடிதம் கொடுத்துத் தன் வசம் மாற்றிக்கொண்டார். டொமைன் பெயரும் சொத்துதான், அதைத் தவறானவருக்கு மாற்றிக் கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்க நேரிடும் என்று 2003-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகும், பதிவாளர்கள் நம்மிடம் ஒப்புதல் வாங்கும் நீண்ட ஒப்பந்தங்கள் டொமைனை ஒரு சேவையாகவே நடத்துகின்றன. வாங்குகிறவர்களில் அதைப் படித்துப் பார்ப்பவர் அரிது.

விலை எப்படி ஏறுகிறது என்பதில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தது. அது ஆவடிக்கு அருகில் உள்ள நெமிலிச்சேரி வழியாகப் போகிறது. 2019-இல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மெட்ரோ கொண்டுவரும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. இதில் எதையும் மனைக்காரர் செய்யவில்லை. பொதுப்பணம் சாலையாகவும் கட்டடமாகவும் மாறியது, ஊருக்கு ஆள் வந்தார்கள், மனைக்கு விலை வந்தது. அந்த ஏற்றம் ஒரு நகர் முழுக்கப் பரவும். பக்கத்து பிளாட் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தால் நம் பிளாட்டின் விலையை ஓரளவு சொல்லிவிடலாம். அரசின் வழிகாட்டி மதிப்பு வேறு இருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொருவர் வருவார்.

டொமைனுக்குப் பக்கத்து மனை கிடையாது. ஓர் எழுத்து மாறினால் லட்சம் பெறும் பெயர் ஒன்றுக்கும் ஆகாததாகிவிடும். பெரும்பாலான பெயர்களுக்கு வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்குத் தேவையிருந்தால் விலை உண்டு, இல்லாவிட்டால் விலையே இல்லை. 2019-இல் வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்கு விற்றது. ஹப்ஸ்பாட் நிறுவனர்களில் ஒருவரான தர்மேஷ் ஷா 2023-இல் சாட்.காம் பெயரை 1.55 கோடி டாலருக்கு வாங்கினார். 2024-இல் அது ஓப்பன்ஏஐ வசம் போனது. இவை நடந்தவைதான். ஆனால் டாட்காமில் மட்டும் 15 கோடிக்கு மேல் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. விற்காமல் கிடப்பவற்றைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. இந்தத் தொழிலில் பழகியவர்களே நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு விற்கும் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயின் நடத்திய இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் போட்டது. இந்தியாவேர்ல்டிடம் இருந்த தளங்களின் பெயர்களைப் பாருங்கள்: சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி. செய்தி, தேடல், விளையாட்டு, சமையல்காரர். எல்லாம் அன்றாட இந்திச் சொற்கள், டாட்காமோடு. வெறும் பெயருக்கு 499 கோடியா என்று அன்று பலரும் கேட்டார்கள். வெறும் பெயருக்கு இல்லை. ராஜேஷ் ஜெயின் 1995 முதல் அந்தப் பெயர்களின் மேல் செய்தியும் சமையல் குறிப்பும் கிரிக்கெட்டும் கட்டி, வெளிநாட்டு இந்தியர்களை நாள்தோறும் வரவைத்திருந்தார். காலி மனைக்கும் வீடு கட்டிய மனைக்கும் ஆவடியில் உள்ள விலை வித்தியாசத்தைவிட, காலி டொமைனுக்கும் ஆள் புழங்கும் டொமைனுக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது.

அதே சிஃபி இன்னொரு பக்கமும் நின்றது. சத்யம் இன்ஃபோவே என்ற பெயரைச் சுருக்கித் தானே உருவாக்கிய ‘சிஃபி’யைச் சேர்த்து 1999-இலேயே பல டொமைன்களைப் பதிவு செய்திருந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம், நடுவில் ஓர் ‘எஃப்’ கூட்டி, சிஃபிநெட் என்றே ஒலிக்கும் இரண்டு டொமைன்களை எடுத்தது. ஐந்து நிறுவனர்களின் பெயரில் உள்ள முதலெழுத்துகளைக் கோத்ததால் வந்த பெயர் அது என்பது அவர்கள் சொன்ன காரணம். பெங்களூர் உரிமையியல் நீதிமன்றம் சிஃபிக்குச் சாதகமாகத் தடையாணை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு அந்தத் தடையை மீண்டும் நிலைநாட்டியது. டொமைன் வெறும் முகவரி என்று ஒதுக்கிவிட முடியாது, வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு, ஒருவர் சம்பாதித்த நற்பெயரில் இன்னொருவர் வியாபாரம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியாவில் டொமைன் வாங்கி விற்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஏனென்றால், மனையில் தவறில்லாத ஒரு செயல் டொமைனில் குற்றச்சாட்டாக மாறுகிறது. டைடல் பார்க் வரப்போகிறது என்று முன்கூட்டி ஊகித்துப் பட்டாபிராமில் நிலம் வாங்கியவரை நாம் கெட்டிக்காரர் என்கிறோம். ஒரு நிறுவனம் வரப்போகிறது என்று ஊகித்து அதன் பெயரை வாங்கியவரை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தவர் என்று சட்டம் சொல்லக்கூடும். உலக அளவில் 1999 முதல் நடைமுறையில் உள்ள டொமைன் தகராறுத் தீர்வு முறையின் கீழ் வந்த முதல் வழக்கே இப்படிப்பட்டதுதான்: அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றின் பெயரைப் பதிவு செய்தவர், மூன்றே நாளில் அந்த நிறுவனத்திடமே ஆயிரம் டாலருக்கு விற்க முன்வந்தார், 2000 ஜனவரியில் பெயரை இழந்தார். உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் 2023-இலும் 2024-இலும் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேல் இப்படிப் புகார்கள் வந்தன. அங்கே பதிவும் பயன்பாடும் இரண்டுமே கெட்ட எண்ணத்தோடு நடந்தன என்று காட்ட வேண்டும். நம் டாட் இன் பெயர்களுக்கான விதி இன்னும் கண்டிப்பானது. இரண்டில் ஒன்றைக் காட்டினால் போதும்.

ஜியோஹாட்ஸ்டார் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். ரிலையன்ஸின் ஜியோ தளமும் ஹாட்ஸ்டாரும் இணையலாம் என்று ஊகித்து 2023-இல் டெல்லி மென்பொருள் இளைஞர் ஒருவர் அந்த டாட்காமைப் பதிவு செய்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் தாம் படிக்க ஆகும் செலவைக் கொடுத்தால் பெயரைத் தருவதாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ரிலையன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் துபாயிலுள்ள இரண்டு சிறுவர்களிடம் போனது. அவர்கள் பணம் வாங்காமலே நிறுவனத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். படிப்புக்காகக் கேட்டார் என்பதால் அந்த இளைஞர் மேல் பலருக்கும் இரக்கம் வந்தது, எனக்கும் வந்தது. ஆனாலும் அந்தப் பெயரில் இருந்த இரண்டு சொல்லும் பிறர் சம்பாதித்தவை. இதைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத் தந்திரமாகச் சொல்லாதீர்கள், எச்சரிக்கையாகச் சொல்லுங்கள்.

மனையிலும் இத்தகைய பாடம் உண்டு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, புறநகரில் வயலைக் கூறுபோட்டு விற்ற பிளாட்டுகளை வாங்கியிருந்த பலர் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டிப் பலர் மீண்டார்கள். அதாவது மனைக்காரரின் தவறுக்கு அரசு ஒரு வழி திறந்துவிட்டது. டொமைனில் வரன்முறை கிடையாது. வழக்கில் தோற்றால் பெயர் எதிராளிக்குப் போகும், போட்ட பணம் வராது.

வைத்திருக்கும் செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனைக்கு வாங்கும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது, பிறகு மாநகராட்சிக்குக் காலிமனை வரி, வேலி போடும் செலவு, எல்லைக்கல் நகராமல் பார்த்துக்கொள்ளும் கவலை. டாட்காம் பெயருக்குப் பதிவாளர்கள் கொடுக்கும் மொத்த விற்பனை விலையே 2024-இல் 10.26 டாலர் ஆனது. நூறு பெயர் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாயாவது கட்டியாக வேண்டும். விற்றால் சந்தைத் தளங்களின் கமிஷன் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை போகும். மனை புரோக்கர் கேட்பது ஒன்றோ இரண்டோதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் டொமைன் முறை மேலானது என்று உறுதியாக நம்புகிறேன். வருடா வருடம் பணம் கட்ட வேண்டியிருப்பதால், உண்மையில் தேவையில்லாதவர் பெயரைக் கைவிடுகிறார். அது பொதுவுக்குத் திரும்புகிறது. அடுத்தவர் அதில் கட்டுகிறார். ஆவடியின் நகர்களில் வீடுகளுக்கு நடுவே கருவேலம் மண்டி மழைநீரும் கழிவுநீரும் தேங்கிக் கிடக்கும் பிளாட்டுகளைப் பாருங்கள். பல வருடம் ஆள் வராது, விலை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வாடகைக்கு வீடு கிடைக்காத குடும்பம் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போகும். காலிமனை வரி உறைக்கும் அளவுக்கு இருந்தால் அந்த நிலமும் இப்படித் திரும்பி வரும்.

ஆகவே என் முடிவு இது. ஆவடி மனை, பத்திரம் சுத்தமாக இருந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு. வாங்கி விற்கும் டொமைன் சேமிப்பு ஆகாது; இழந்தாலும் பாதிக்காத பணத்தில், யாருடைய வணிகப் பெயரும் கலக்காத பொதுச் சொற்களில் மட்டும் செய்யத்தக்க ஊக வியாபாரம். மகள் கல்யாணப் பணத்தை அதில் போடக் கூடாது.

விற்பவரைவிட, விற்பவரிடம் மாட்டக்கூடியவருக்குத்தான் இதில் அவசரம் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் பட்டறை, கேட்டரிங், டியூஷன் சென்டர் நடத்தும் எத்தனையோ பேர் தங்கள் டொமைனை வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வாரமே அதைக் கேட்டு உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். டாட்காம், டாட் இன் இரண்டையும் எடுங்கள், ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள், கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள். பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டும் நீங்கள், கடையின் பெயரையும் அதே கவனத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.