திறந்த மூலமும் பூட்டிய கருவியும்

மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் மலைச்சாலையில் உள்ளது பள்ளிவாசல். 1940-ஆம் ஆண்டில் முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு திருவிதாங்கூர் அரசு இங்கே மின்சாரம் எடுத்தது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றில் பல தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள். அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கெனத் தமிழ்வழிப் பள்ளிகளும் இவ்வட்டாரத்தில் உண்டு.

இப்பிள்ளைகள் இருவகைக் கணினிகளோடு பழகுகின்றனர். ஒன்று பள்ளியில் உள்ளது. மற்றொன்று பெற்றோரின் கைப்பேசி. கைப்பேசியும் ஒரு கணினியே அன்றோ? பள்ளிக் கணினிக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் அடித்தளமாக இருப்பது லினக்ஸ் என்னும் ஒரே மென்பொருள். ஆயினும் பள்ளியில் உள்ளதை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம். கைப்பேசியில் உள்ளதை, விலை கொடுத்து வாங்கியவரே பெரும்பாலும் தொட இயலாது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இவ்வாறு வேறுபட்டது எங்ஙனம்?

1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், பயன்படுத்துவோர் எவரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க மென்பொருள்களை ஆக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டு, மறு ஆண்டே அதனைக் குனூ உரிமத்தின்கீழ் வைத்தார். திருத்தி வழங்குபவர் திருத்திய மூலநிரலையும் கூடவே வழங்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் உயிர்நாடி. 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தபோது, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கே தொடங்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கும் நகரத்துச் செல்வரின் குழந்தைக்கும் ஒரே மென்பொருள், உரிமக் கட்டணம் ஏதுமின்றி!

கைப்பேசியின் கதை வேறு வழியிற் சென்றது. டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியை இங்கே குறிப்பிட வேண்டும். அதனைச் செய்த நிறுவனம் லினக்ஸைப் பயன்படுத்தியது. விதிப்படி மூலநிரலையும் வெளியிட்டது. ஆனால் ஒருவர் அதைத் திருத்தி அக்கருவியில் ஏற்ற முயன்றால், கருவி ஏற்க மறுத்தது. ஏட்டைக் கையிற் கொடுத்து எழுத்தாணியைப் பறித்துக்கொண்ட கதைதான்! இதனைத் தடுக்கவே 2007 ஜூனில் குனூ உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. டோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. கருவியை எப்படிச் செய்வது என்பது செய்பவரின் விருப்பம் என்றார். லினக்ஸ் பழைய பதிப்பிலேயே நின்றது.

அதே 2007-இன் நவம்பரில் கூகிள் ஆண்ட்ராய்டை அறிவித்தது. முதற் கைப்பேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் மூலநிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம், அதில் ஐயமில்லை. ஆனால் செயலிகளை வழங்கும் பிளே ஸ்டோர் அதனுள் அடங்காது. அது வேண்டுமெனில் தயாரிப்பாளர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட வேண்டும். கூகிள் ஏற்காத திரிபு ஆண்ட்ராய்டை விற்பதில்லை என்றும் உறுதி கூற வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம், அலிபாபாவின் அலியுன் இயங்குதளம் கொண்ட கைப்பேசியின் வெளியீட்டு விழாவைக் கடைசி நேரத்தில் கைவிட்டது. அலியுன் ஒரு திரிபு ஆண்ட்ராய்டு என்பது கூகிளின் வாதம். அலிபாபா அதை மறுத்தது.

தமிழர்க்கு இதனால் நேர்ந்தது யாது? 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றியது நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து வந்த செய்தியைப் படிக்க இயலாமல் தவித்தவர் எத்தனை பேர்! எழுத்துருவைச் சேர்க்க வல்லவர் இல்லாமலில்லை. சேர்க்க வேண்டுமாயின் கருவியின் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தால் உத்தரவாதம் போயிற்று. அதனால் ஒப்பேரா மினி உலாவியில், எழுத்தைப் படமாகக் காட்டும் உபாயத்தால் பலர் காலங்கடத்தினர்.

நிறுவனங்கள் கூறும் நியாயத்தையும் கேட்போம். ஆளுக்கொரு வகையாகத் திருத்தினால் ஒரு கைப்பேசிக்கு எழுதிய செயலி மற்றொன்றில் ஓடாது. வங்கிப் பணமும் புழங்கும் கருவிக்குக் காவல் வேண்டும் என்பர். பொய்யென்று தள்ளத்தக்கதன்று. எனினும் காவலுக்குப் பூட்டு வேண்டுமெனில், சாவியை வீட்டுக்காரரிடம் தருவதில் என்ன தடை?

2022 அக்டோபர் 20-ஆம் நாள் இந்தியப் போட்டி ஆணையம் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. திரிபு ஆண்ட்ராய்டை விற்பதற்கு இருந்த தடையையும் நீக்கப் பணித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை மட்டும் நீக்கியது. அவ்வாண்டு ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் அதே ஆண்ட்ராய்டு மூலநிரலைக் கொண்டு பார்ஓஎஸ் என்னும் இயங்குதளத்தை வெளிக்கொணர்ந்தது.

தயாரிப்பாளர் கைவிட்ட கைப்பேசிக்கும் புத்துயிர் தரும் லினியேஜ் ஓஎஸ் என்னும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் இலவசமாக ஆக்கித் தருகின்றனர். அதனை ஏற்றவும் முதலிற் பூட்டுத் திறக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் திறக்க விடுகின்றனர், சிலர் விடுவதில்லை. பள்ளிவாசல் மலையில் கண்ணாடி உடையாமல், மின்கலமும் நன்றாக இருந்தும், புதிய செயலிகளை ஏற்காமையால் பெட்டிக்குள் போகும் கைப்பேசிகள் உண்டு. பள்ளியிலுள்ள பழைய கணினிக்கோ, அடுத்த பதிப்பை ஏற்ற எவர் ஒப்புதலும் தேவைப்படுவதில்லை.