கதவு திறந்தது, பட்டியல் மூடியது



கல்லூரிகளின் வரலாற்றை நாம் விழா மலர்களில்தான் படிக்கிறோம். நிறுவியவர் படம், கட்டடம், தேர்ச்சி விகிதம் எல்லாம் இருக்கும். அந்த வாசலுக்குள் போன தலித் பெண் என்ன பட்டாள் என்பது மட்டும் இராது. அவள் நின்ற இடத்திலிருந்து ஒரு கல்லூரியைப் பார்ப்போம்.

தூத்துக்குடி தூய மரியன்னை கல்லூரி 1948இல் தொடங்கியது. நடத்தியவர்கள் மரியின் ஊழியர் சபைக் கன்னியர். பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பே அதிகம் என்று ஊர் சொன்ன காலம் அது. அந்தக் கன்னியரின் உழைப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

இரண்டே ஆண்டில், 1950 ஆகஸ்ட் 10 அன்று, பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து மதத்திலிருந்து வேறான மதத்தவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் இது தளர்ந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை இல்லை. சேரியில் தீண்டத்தகாதவளாகப் பிறந்த கத்தோலிக்கப் பெண், கல்லூரி வாசலை மிதித்தபோது அரசுக் கணக்கில் தலித்தாக இல்லை.

எழுத்தாளர் பாமா இந்தக் கல்லூரியில் படித்தவர். விருதுநகர் மாவட்டப் புதுப்பட்டிக்காரர். கல்லூரி நாட்களில் விழாவுக்கு உடுத்த நல்ல சேலை இல்லாமல் குளியலறையில் ஒளிந்துகொண்டதைக் 'கருக்கு' நூலில் எழுதியிருக்கிறார். எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாத செய்தி அது. பிறகு ஆசிரியரானார், ஒரு துறவற சபையில் சேர்ந்தார். துறவிலும் சாதி இருப்பதைக் கண்டு ஏழாண்டுக்குப் பின் வெளியேறினார். 'கருக்கு' 1992இல் வந்தது. கல்லூரி அவருக்குப் பட்டம் தந்தது. கல்லூரி வரலாற்றில் இல்லாத பக்கத்தை அவர் எழுதினார்.

இதை நெய்வேலியில் ஏன் பேசுகிறேன்? 1956இல் உருவான இந்த நிலக்கரி நிறுவனம் மத்தியப் பொதுத்துறை. ஒரே தெருவில் பிறந்த இரண்டு பெண்கள் இங்கே வேலைக்கு விண்ணப்பித்தால், இந்து ஆதி திராவிடர் எஸ்.சி.; கிறித்தவ ஆதி திராவிடர் இதர பிற்படுத்தப்பட்டோர். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இரண்டாமவளைக் காக்காது. சாதி சொல்லி ஏசுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா ஏசுகிறான்?

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையங்கள் மாறுகின்றன, ஆணை மாறவில்லை.

அதற்காக அரசை மட்டும் கைகாட்டித் திருச்சபை தப்பிக்க முடியாது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று 2016இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையைத் தருகிறது. தலித் கத்தோலிக்கப் பெண்ணுக்குச் சேர்க்கையிலும் ஆசிரியப் பணியிலும் இடம் தர டில்லியின் பட்டியல் தடையில்லை. மனம்தான் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்க் கன்னியர் கல்லூரியில் படித்த அம்மாக்களையும் அத்தைகளையும் கேளுங்கள். விடுதியில் யாரோடு சாப்பிட்டார்கள், கட்டணத்துக்கு எதை அடகு வைத்தார்கள், எந்த ஆண்டில் படிப்பை நிறுத்தினார்கள் என்று எழுதி வையுங்கள். படிப்பை முடிக்காமல் திரும்பியவர்களையும் சேர்த்து எழுதும்போதுதான் கல்லூரியின் வரலாறு முழுமையாகும்.

ஜெய்பீம்.