காவலருக்கு இரண்டாம் தொழில்: ஒரு விதியின் வரலாறு



அரசாங்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கட்டணம் பெற்றுப் பிரத்தியேக வகுப்பு நடத்த வேண்டுமாயின் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அந்த அனுமதிக்கு அடிப்படை எது என்று தேடிச் சென்றால், 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் (நடத்தையும் கட்டொழுங்கும்) விதிமுறைகளில், வெளிவேலையைப் பற்றிய ஐந்தாம் விதியில் போய் நிற்போம். சாலை முனையில் நிற்கும் போலீஸ்காரருக்கும் அதே விதிமுறைகள்தாம். சுண்ணக்கட்டி பிடிப்பவருக்கும் கைவிலங்கு பிடிப்பவருக்கும் ஒரே விதி ஏன்? விடையை ஆசிரியப் பணியின் வரலாற்றில் தேடுவதைவிடக் காவல் பணியின் வரலாற்றில் தேடுவது எளிது. அங்கேதான் இந்த விதி இல்லாததால் விளைந்த கேடுகள் பளிச்செனத் தெரிகின்றன.

முதலில் இலண்டன் மாநகருக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மாதச் சம்பளம் பெறும் முழுநேரக் காவற்படை கிடையாது. கள்வனைப் பிடித்துக் கொடுப்பவருக்கு அரசு வெகுமதி தந்தது. வழிப்பறிக்காரன் ஒருவனுக்கு 40 பவுன். அக்காலத்தில் அது பெருந்தொகை. வெகுமதிக்காகக் கள்வரைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் உருவாயிற்று. அவர்களுள் பேர்பெற்றவன் ஜோனதன் வைல்டு. களவுபோன பொருளை மீட்டுத் தருவதாகக் கூறி உரியவரிடம் கட்டணம் பெற்றான். பொருளைத் திருடியவர்களே அவனுடைய ஆட்கள் என்பது பின்னர்தான் வெளிப்பட்டது. அவனுக்கு அடங்காத திருடனை அவனே பிடித்துக் கொடுத்து வெகுமதியும் வாங்கிக்கொண்டான். 1725இல் அவனைத் தூக்கிலிட்டார்கள். ஆனாலும் வெகுமதி முறை உடனே ஒழியவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இதே எண்ணத்தைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். 1790களின் தொடக்கத்தில் வங்காளத்தில் கார்ன்வாலிஸ் பிரபு ஏற்படுத்திய காவல் முறையில், தரோகா எனப்பட்ட காவல் அதிகாரிக்கு மாதம் 25 ரூபாய் சம்பளம். அதற்குமேல், தண்டனை பெற்ற ஒவ்வொரு கொள்ளைக்காரனுக்கும் 10 ரூபாய். மீட்ட பொருளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. சம்பளம் குறைவு, ஊக்கத்தொகை மிகுதி. இதன் விளைவை விளக்கவும் வேண்டுமோ? கொள்ளைக்காரன் அகப்படவில்லை என்றால் யாரையாவது கொள்ளைக்காரன் ஆக்கிவிடலாமே!

இந்தப் போக்குக்கு மாறாக 1829இல் இலண்டனில் மாநகரக் காவற்படை தோன்றியது. கான்ஸ்டபிளுக்கு வாரம் 21 ஷில்லிங் ஊதியம். அவர் தம் முழு நேரத்தையும் காவல் பணிக்கே அளிக்கவேண்டும் என்பது பணி நிபந்தனைகளுள் முதன்மையானது. பின்னர் பல காவற்படைகளில் காவலரின் மனைவி கடை வைத்து நடத்துவதும் தடுக்கப்பட்டது. கடைக்கு வரும் வாடிக்கையாளர் நாளை கணவரின் கையில் அகப்படக்கூடும் என்பதுதான் காரணம். மனைவியின் பிழைப்பிலும் கை வைத்த அந்தக் கட்டுப்பாடு கொடுமையானது என்றே நான் கருதுகிறேன். இருப்பினும், முழு நேரத்தைக் கேட்பவர் முழு ஊதியம் தரவேண்டும் என்னும் உடன்பாடு எழுத்தில் ஏறியதை மறுப்பதற்கில்லை.

நிற்க. இனி நம் மண்ணுக்கு வருவோம்.

1820இல் சிங்கப்பூரில் வில்லியம் ஃபர்க்குவார் காவற்படையைத் தொடங்கினார். மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவராக அமர்ந்தவர் அவருடைய மருமகன் பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்டு. சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம்; ஆகவே சுங்க வருமானம் இல்லை. நிர்வாகச் செலவுக்கு ஃபர்க்குவார் கண்ட வழி அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விடுவது. சூதாட்டத்தால் வரும் குற்றங்களைத் தடுக்கவேண்டிய காவலர்களுக்குச் சூதாட்டக் குத்தகைப் பணத்திலிருந்தே சம்பளம்! இராஃபிள்ஸ் சூதாட்டக் குத்தகையை 1823இல் ஒழித்தார். அடுத்து வந்த கிராஃபர்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1829இல்தான் அது மறைந்தது. பெர்னார்டைப் பற்றி இன்னொரு செய்தி. சிங்கப்பூரின் முதல் செய்தித்தாளான 'சிங்கப்பூர் குரோனிக்கல்' 1824இல் வெளிவந்தபோது அதனை நடத்தியவரும் அவரே. சிற்றூரில் ஒருவருக்குப் பல தொப்பிகள் இருப்பது அக்கால வழக்கம்.

சிங்கப்பூரில் காவல் பணியைச் சீர்ப்படுத்தியவர் என்று போற்றப்படுபவர் தாமஸ் டன்மன். வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அவர் 1843இல் காவல் கண்காணிப்பாளர் ஆனார். 1857இல் முதல் ஆணையர். 1871இல் ஓய்வு பெற்றார். கீழ்நிலைக் காவலரின் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் திருத்த அவர் முயன்றார். காத்தோங் வட்டாரத்தில் 'குரோவ்' என்னும் பெரிய தென்னந்தோட்டத்திற்கு அவர் உரிமையாளர். காவல் தலைவர் தோட்ட முதலாளியும் ஆவதா என்று இன்றைய கண் கொண்டு பார்த்தால் நாம் முகம் சுளிப்போம். ஆனால் அந்தத் தோட்டத்தால் அவருடைய பெயருக்குக் களங்கம் வந்ததாக நான் படித்த வரை எந்த நூலும் கூறவில்லை. தென்னை மரம் போலீசுக்கு அஞ்சித் தேங்காய் தருவதில்லை அல்லவா?

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கோலாலம்பூரைப் பாருங்கள். 1868 முதல் 1885இல் மறையும் வரை அங்கே சீனர்களின் கப்பித்தானாக இருந்தவர் யாப் ஆ லோய். அழிந்த ஊரை மீண்டும் எழுப்பியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதனை நாம் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஈயச் சுரங்கங்கள் அவருடையவை. சந்தை அவருடையது. சூதாட்டக் கொட்டகை அவருடையது. ஊர்க் காவலரை வைத்திருந்தவர் அவர். சிறைச்சாலையை நடத்தியவர் அவர். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவரும் அவரே. சுரங்கத்தில் கூலி குறைந்தது என்று ஒரு தொழிலாளி முறையிட விரும்பினால் யாரிடம் போவான்? முதலாளியும் போலீசும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். டன்மனின் தென்னந்தோட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். யாப் ஆ லோயின் வருமானம், அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவர்களின் கையிலிருந்தே வந்தது.

வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டும் இதில் தூயவர்களா என்றால், இல்லை. சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த புளூம்ஃபீல்டு டக்ளஸ், தம் மருமகன் டாலியும் தொடர்புபட்ட நில விவகார முறைகேடுகள் எழுந்த பின்னர் 1882இல் பதவியை விட்டு விலக நேர்ந்தது. நிலத்தை அளந்து கொடுக்கும் அலுவலகத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் குடும்பத்தில் நிலப் பேரமும் நடந்தால் வேறு என்ன ஆகும்?

இவை எல்லாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது கேப்டன் ஸ்பீடியின் கதை. (அபிசீனியப் போருக்குப் பின் அனாதையான இளவரசன் அலமாயுவுக்குப் பாதுகாவலராக இருந்தவர் இவரே.) பினாங்கில் காவல் கண்காணிப்பாளராக இருந்தபோது லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனச் சங்கங்கள் போரிட்டுக்கொண்டிருந்தன. இரு தரப்புக்கும் பணமும் ஆளும் ஆயுதமும் போனது பினாங்கிலிருந்துதான். அதாவது ஸ்பீடியின் கண்காணிப்பில் இருந்த ஊரிலிருந்து! 1873இல் லாருட்டின் மந்திரி ஙா இப்ராஹிம் அவரை அழைத்தார். ஸ்பீடி அரசுப் பதவியைத் துறந்தார். இந்தியா சென்று சீக்கியரும் பட்டாணியரும் அடங்கிய படை ஒன்றைத் திரட்டி வந்து மந்திரிக்காகப் போரிட்டார்.

இவரை வெறும் கூலிப்படைத் தலைவர் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். சீருடையைக் கழற்றிவிட்டுத்தான் போனார் என்பது அவருக்குரிய மதிப்பு. பினாங்கில் பதவியை வைத்துக்கொண்டே மந்திரிக்குக் கையாளாக இருந்திருக்கலாம்; அவ்வாறு செய்யவில்லை. எனினும் ஒரு நெருடல் இருக்கவே செய்கிறது. பினாங்கில் போலீசாக இருந்து அவர் அறிந்த இரகசியங்களும் ஆள்பழக்கங்களும் அவருடன் லாருட்டுக்குப் போகாமல் இருந்திருக்குமா? 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே ஸ்பீடி லாருட்டில் துணை ரெசிடெண்ட் ஆனார். தனியாருக்காகத் திரட்டப்பட்ட அந்தப் படை பேராக்கின் ஆயுதக் காவற்படையாக மாறியது. அதன் வழிவந்ததே 1896இல் உருவான மலாய் மாநில வழிகாட்டிப் படை. இன்று ஒருவர் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்களோடு வந்து அரசுப் போலீஸ் தலைவராக அமர முடியுமா? அன்று முடிந்தது.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியில் வைத்து நம் ஐந்தாம் விதியைப் படித்தால் அதன் ஒவ்வொரு சொல்லும் பேசத் தொடங்கும். அனுமதியின்றி வணிகம், விவசாயம், தொழில் துறை எதிலும் அதிகாரி ஈடுபடலாகாது. அனுமதி கொடுக்கும் துறைத் தலைவர், அவ்வேலை பணி நேரத்தில் நடைபெறாது என்பதையும், அதிகாரியின் பயனைக் குறைக்காது என்பதையும், துறையின் நலனுக்கு முரணாகாது என்பதையும் உறுதிசெய்யவேண்டும். பலர் கவனிக்காத பிரிவு ஒன்றும் உண்டு. வெளிவேலையில் கிடைத்த பணத்தை அரசாங்கத்திடம் வைப்புத் தொகையாகச் செலுத்தி, அதில் எவ்வளவை வைத்துக்கொள்ளலாம் என்று துறைத் தலைவர் முடிவு செய்யும் வரை காத்திருக்கவேண்டும் என்பதே அது. நம் ஆசிரியர் அறைகளில் இதைப் பற்றிப் பேச்செழுந்து நான் கேட்டதில்லை!

விதி எழுதப்பட்டதாலேயே சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2004இல் அமைக்கப்பட்ட போலீஸ் படை குறித்த அரச ஆணையத்தின் விசாரணையின்போது, ஓர் அதிகாரி 34 மில்லியன் ரிங்கிட் சொத்து இருப்பதாக அறிவித்திருந்த செய்தி நாட்டையே திகைக்க வைத்தது. மறுபுறம், 2005இல் 125 பரிந்துரைகளோடு வெளிவந்த அதே ஆணையத்தின் அறிக்கை, கீழ்நிலைக் காவலரின் குறைந்த ஊதியத்தையும் மோசமான குடியிருப்புகளையும் சுட்டிக்காட்டியது. ஊதியத்தையும் சொத்துக் கணக்கையும் ஒரே அறிக்கையில் வைத்துப் பேசியது சரியான செயல். தரோகாவின் 25 ரூபாயை மறந்துவிட்டு வைல்டைத் திட்டிப் பயனில்லை.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 2006இல் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி, ஆசிரியர் பிரத்தியேக வகுப்பு எடுப்பதற்கு வாரம் நான்கு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. சிங்கப்பூரில் ஆறு மணி நேரம். மணிக்கணக்கைப் பற்றித்தான் நாம் ஓயாமல் வாதிடுகிறோம். என் பார்வையில் அது இரண்டாம் நிலைக் கேள்வி. வேறொரு பள்ளியின் மாணவனுக்கு மாலையில் கணிதம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் டன்மனைப் போன்றவர். அது அவருடைய தென்னந்தோட்டம். காலையில் தம் வகுப்பில் அமரும் பிள்ளையிடமே மாலையில் கட்டணம் வாங்கும் ஆசிரியரின் நிலை வேறு. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் இடுபவர் அவர். பின்தங்கிய மாணவன் என்று பெற்றோரிடம் சொல்பவரும் அவர். "உங்கள் மகனுக்குக் கூடுதல் பயிற்சி தேவை" என்று அவர் உண்மையாகவே சொன்னாலும், பெற்றோரின் காதில் அது வேறு விதமாக விழக்கூடும். கட்டணம் கட்ட இயலாத குடும்பத்தின் காதில் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிற்றூர்ப் பள்ளிகளிலும் இதற்கு ஒரு மறுமொழி உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். "ஊரில் இருப்பதே ஓர் ஆசிரியர்தான், வேறு யாரிடம் அனுப்புவது?" நியாயமான கேள்வி. அத்தகைய ஊர்களில் பல ஆசிரியர்கள் மாலை வகுப்பைக் கட்டணமின்றியே நடத்துகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் செலவை ஏற்றுக்கொள்ளும் பள்ளிகளும் உள்ளன. மற்ற ஊர்களில் உள்ள பெற்றோர்கள், பிரத்தியேக வகுப்பில் சேர்க்கும் முன் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு, அனுமதிக் கடிதம் இருக்கிறதா, அங்கே பாடம் நடத்துபவர் பள்ளியில் தம் பிள்ளைக்கு மதிப்பெண் இடுபவர்தானா என்றும் தயங்காமல் கேட்கலாம்.